பீப்பாய் இசைக்கு வாதாடிய பெருமகன்

வீடு கட்டும் வளவுகளிலே தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும் இரும்புப் பீப்பாயை நேயர்கள் யாவரும் கண்டிருப்பர். எண்ணெய் வந்த பீப்பாய், எண்ணெய் தீர்ந்தபின் தண்ணீருக்கு உதவும்; அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் பழைய இரும்புக்காரனிடம் போய்ச் சேரும். சிறுவர்கள் அதன் முதுகிலே தடிகொண்டு தட்டினால், "காது வெடிக்கிறது, நிற்பாட்டு!" என்று பெரியவர்கள் அதட்டுவதும் நாம் அறிந்ததே.

அந்தப் பீப்பாயின் அடியைச் சுத்தியலால் அடித்துக் குழித்து, தீயிலே காய்ச்சி, இடத்துக்கொரு சுரமாக வகுத்து, அதிலிருந்து இனிய இசையை எழுப்பிக் காட்டினர், தொலைதூரத் தீவொன்றின் ஏழை இளைஞர்கள். அங்கும் பெரியவர்கள் அதட்டினார்கள். பொலீசார் தடியோடு வந்தனர். பத்திரிகைகளுக்குக் கண்டனக் கடிதங்கள் பறந்தன. அவ்வேளையிலே, "இது கூச்சலன்று, இந்நாட்டின் இசை" என்று துணிந்து எழுதியவர்களுள் முன்நின்றவர் ஓர் அரசியல்வாதி. அவர் அவ்விளைஞர்களின் இனத்தவருமல்லர். அவர்களுடைய சேரியிலே பிறந்தவருமல்லர். போர்த்துக்கேய வமிசத்திலே உதித்த அல்பேர்ட் கோமஸ் என்பாரே அவர். திரினிடாட் தீவின் அரசியல் முன்னோடிகளுள் ஒருவராகிய அவருடைய வாழ்க்கையை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

ஒரே உடன்படிக்கையில் இரு தீவுகள்

திரினிடாட் என்றதும் நம் வீடுகளிலே முதலில் நினைவுக்கு வருவது கிரிக்கெட்டாகவே இருக்கும். 1950 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயரை அவர்களுடைய மண்ணிலேயே மயக்கிய சுழற்பந்து வீச்சாளர் சொனி ராமதீனும், பின்னாளிலே ஓட்டங்களை மலைபோலக் குவித்த பிரயன் லாராவும் அத்தீவினரே. ஆயினும், நமது தீவுக்கும் அத்தீவுக்குமிடையே கிரிக்கெட்டினும் பழைய உறவொன்று உண்டு.

1802 ஆம் ஆண்டிலே ஐரோப்பிய வல்லரசுகள் ஏமியன்ஸ் நகரிலே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒல்லாந்தர் வசமிருந்த இலங்கையின் கரையோரப் பகுதிகளும், ஸ்பானியர் வசமிருந்த திரினிடாட்டும் அந்த ஒரே உடன்படிக்கையினாலேயே ஆங்கிலேயருக்கு உறுதியாயின. ஒரே நாளில், ஒரே கடதாசியிலே கைமாறிய இரு தீவுகள் என்று சொன்னால் மிகையாகாது.

1838 இல் அடிமை முறை முற்றாக ஒழிந்தபின் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து 1,40,000 பேருக்கு மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்தினூடாகச் சென்றவர்கள். சென்னையிலிருந்து சென்றோரும் உளர். அவர்களுள்ளே தமிழரும் இருந்தனர். நம் மலைநாட்டின் கதையை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதன்று.

கடைக்காரர் சமூகம்

இந்தியரைப் போலவே, அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள மடெய்ரா என்னும் போர்த்துக்கேயத் தீவிலிருந்தும் 1846 முதலாக மக்கள் திரினிடாட்டுக்கு வந்தனர். சிலர் பஞ்சத்துக்கு அஞ்சிக் கூலி வேலைக்கு வந்தனர். சிலர் புரட்டஸ்தாந்து மதத்தைத் தழுவியமையால் சொந்த ஊரிலே துன்புறுத்தப்பட்டு அடைக்கலம் தேடி வந்தனர்.

கரும்புத் தோட்டத்து வெயில் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. விரைவிலேயே தோட்டத்தை விட்டுச் சில்லறைக் கடையும் சாராயக் கடையும் வைத்துப் பிழைக்கலாயினர். தோலின் நிறத்தால் வெள்ளையர். ஆனால் ஆங்கிலேயத் துரைமாரும் பிரெஞ்சு வமிசத்துத் தோட்ட முதலாளிமாரும் அவர்களைத் தம்முடன் சமமாக இருத்தினாரல்லர். கடையிலே கடன் சொல்லிச் சாமான் வாங்கிய கறுப்பினத்தவருக்கோ அவர்கள் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நிற்கும் வெள்ளையர். மேலோடும் சேராமல் கீழோடும் சேராமல் நடுவிலே நின்ற ஒரு சிறு சமூகம் அது. மட்டக்களப்பிலே போர்த்துக்கேயக் கிரியோல் மொழி பேசி, தச்சும் கொல்லும் தொழிலாகக் கொண்டு வாழ்ந்த பறங்கியரை அறிந்த நேயர்களுக்கு, சிறு சமூகமொன்றின் நிலை எளிதில் விளங்கும்.

இச்சமூகத்திலேதான் 1911 ஆம் ஆண்டிலே அல்பேர்ட் கோமஸ் பிறந்தார்.

இருபது வயதில் ஒரு சஞ்சிகை

இளமையிலேயே புத்தகப் பித்துப் பிடித்தவர் கோமஸ். நியூயோர்க் நகருக்குச் சென்று பத்திரிகைத் தொழில் பயின்று, 1930 இல் ஊர் திரும்பினார். மறு ஆண்டு மார்ச் மாதம், இருபது வயதிலே, 'பீக்கன்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். 'கலங்கரை விளக்கம்' என்று அதனை நாம் தமிழிலே சொல்லலாம்.

அக்காலத்திலே அத்தீவின் படித்தவர்கள் எழுதுவதென்றால் இங்கிலாந்தின் பனியையும் பூக்களையும் எழுதினர். தம் வீட்டுப் பின்புறத்துக் குடிசை வரிசையிலே வாழ்ந்த மனிதர் எழுத்துக்குரியவராக அவர்களுக்குத் தோன்றவில்லை. 'பீக்கன்' கூட்டத்தார் இம்மரபை மாற்றினர். வண்ணாத்தியும், வண்டிக்காரனும், ஒரே முற்றத்தில் குடியிருந்து சண்டையிட்டுக் கூடிவாழும் ஏழைக் குடும்பங்களும் அவர்களுடைய கதைகளிலே இடம்பெற்றனர். பின்னாளிலே உலகப் புகழ் பெற்ற வரலாற்றாசிரியர் சீ. எல். ஆர். ஜேம்ஸ் அதிலே எழுதினார். கோமஸைப் போலவே போர்த்துக்கேய வமிசத்தவரான அல்பிரட் மென்டிஸ் எழுதினார். (இவர் முதலாம் உலகப் போரிலே போராடியவர். இவர் சொன்ன போர்க்கதைகளைக் கேட்டு வளர்ந்த பேரன் சாம் மென்டிஸ் என்பாரே 2019 இல் '1917' என்னும் திரைப்படத்தை எடுத்தவர்.)

நாம் சிறப்பாகக் குறிப்பிட வேண்டியது ஒன்றுண்டு. 'பீக்கன்' சஞ்சிகையிலே இந்தியப் பகுதி என்று தனியாக ஒரு பகுதி இருந்தது. இந்திய சுதந்திரப் போராட்டம் பற்றியும், அத்தீவிலே வாழும் இந்தியரைப் பற்றியும் அதிலே எழுதப்பட்டது. கரும்புத் தோட்டத்து இந்தியரைப் படித்த நகரத்தார் ஏறிட்டும் பாராத காலம் அது.

சஞ்சிகைக்கு எதிர்ப்பு வராதிருக்குமா? கத்தோலிக்க திருச்சபை கண்டித்தது, கனவான்கள் முகஞ்சுளித்தனர். 1933 நவம்பரோடு 'பீக்கன்' அணைந்தது. ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு தீவின் இலக்கியம் தன் சொந்த மண்ணிலே கால் ஊன்றிவிட்டது.

வீதியிலிருந்து சபைக்கு

1937 ஜூன் மாதம், திரினிடாட்டின் தெற்கிலே பைசாபாத் என்னும் எண்ணெய்க் கிணற்று ஊரிலே பெருங் கலவரம் மூண்டது. பட்லர் என்னும் தொழிலாளர் தலைவரைப் பொலீசார் கைது செய்ய முயன்றபோது எழுந்த தீ, தீவு முழுவதும் பரவிற்று. எண்ணெயும் கரும்பும் உற்பத்தியாகும் செல்வத் தீவிலே, அவற்றை உற்பத்தி செய்தவன் அரை வயிற்றோடு உறங்கினான் என்பதே அதன் மூலகாரணம்.

அடுத்த ஆண்டு, 1938 இல், கோமஸ் தலைநகராகிய போர்ட் ஒவ் ஸ்பெயினின் மாநகர சபைக்குத் தெரிவானார். ஒன்பது ஆண்டுகள் அச்சபையிலே இருந்தார். உதவி மேயராகவும் பணியாற்றினார். அக்காலத்திலே தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கினார். பருத்த உடல், உரத்த குரல், எவருக்கும் அஞ்சாத நாக்கு. மக்கள் அவரைச் செல்லமாக 'பேர்ட்டி' என்றே அழைத்தனர்.

1945 இல் இடைத்தேர்தலொன்றிலே வென்று சட்ட நிரூபண சபைக்குச் சென்றார். 1946 ஜூலை மாதம் அத்தீவிலே சர்வசன வாக்குரிமையின் கீழ் முதலாவது தேர்தல் நடந்தது. இலங்கையிலே நாம் 1931 இலேயே பெற்றுவிட்ட உரிமையை அவர்கள் பதினைந்து ஆண்டுகள் பிந்தியே பெற்றார்கள் என்பதை மாணவ நேயர்கள் குறித்துக்கொள்ளலாம். அதற்குள்ளும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ஆங்கிலம் பேசினால் விளங்கிக்கொள்ளக் கூடியவர்களுக்கே வாக்கு என்று வாக்குரிமைக் குழு சிபாரிசு செய்தது. தோட்டத்து இந்தியருள் முதியோர் பலரின் வாக்கு அதனாற் பறிபோயிருக்கும். இந்தியர் திரண்டு எதிர்த்தமையால் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. ஒரு மொழியை அறியாதவன் நாட்டின் நன்மை தீமையை அறியாதவனாகி விடுவானா என்ற கேள்வி அன்றே அங்கே எழுந்து, நியாயமான விடையையும் பெற்றது. அத்தேர்தலிலும் கோமஸ் வென்றார்.

பாட்டும் பறையும் பிரார்த்தனையும்

இனித்தான் நாம் தொடக்கத்திலே குறித்த விடயத்துக்கு வருகின்றோம்.

அத்தீவின் கறுப்பின மக்களுக்கு மூன்று செல்வங்கள் இருந்தன. ஒன்று, கலிப்சோ என்னும் பாட்டு. ஊரிலே நடந்த ஊழலையும், பெரிய வீட்டு இரகசியத்தையும், கவர்னர் துரையின் கோணலையும் நையாண்டியாகப் பாடுவது. 1934 ஆம் ஆண்டின் சட்டமொன்று இதன் வாயைக் கட்டிற்று. பாடுவதற்கு முன் பாட்டைப் பொலீசாரிடம் காட்டி அனுமதி பெற வேண்டியதாயிற்று. பாட்டின் சுவையைப் பொலீஸ் உத்தியோகத்தர் அளந்து சொன்ன வேடிக்கையை என்னென்பது!

இரண்டாவது, பீப்பாய் வாத்தியம். பண்டு தோற்பறையைத் தடுத்தனர். மக்கள் மூங்கிலைத் தட்டினர். மூங்கிலையும் தடுத்தனர், தகரத்தைத் தட்டினர். உலகப் போர்க் காலத்திலே எண்ணெய்ப் பீப்பாய்கள் தாராளமாகக் கிடைத்தன. அவற்றிலே சுரம் கண்டனர். வாத்தியக் குழுக்களிடையே அடிதடி மூண்டதும் உண்மையே. அதனாலே, பீப்பாய் தட்டுபவன் என்றால் காடையன் என்று பொருளாயிற்று. தன் மகன் அக்கூட்டத்திலே சேர்ந்தான் என்று அறிந்த தாய் தலையிலடித்துக்கொள்ளும் நிலை.

மூன்றாவது, அவர்களுடைய வழிபாடு. மணியடித்து, மெழுகுதிரி ஏற்றி, உரத்துப் பாடி, அருள் வந்து ஆடி, கடவுளை வழிபட்ட கிறிஸ்தவர் சிலர் அங்கே இருந்தனர். 'கூவுவோர்' என்று பிறர் அவர்களை இகழ்ந்தனர். 1917 ஆம் ஆண்டிலே அவ்வழிபாட்டையே சட்டத்தால் தடைசெய்தனர். செபம் செய்ததற்காக ஏழைக் கிழவிகள் நீதிமன்றத்திலே நிறுத்தப்பட்டனர்.

இம்மூன்றுக்காகவும் கோமஸ் பேனாவை எடுத்தார். சபையிலும் குரல் கொடுத்தார். ஞாயிறு பத்திரிகையிலே தொடர்ந்து எழுதி வந்த அவர், கலிப்சோவும் பீப்பாய் இசையும் அந்நாட்டின் உயிர்த்துடிப்பு என்று வாதாடினார். கலிப்சோப் பாடகர்களுள் ஒருவரான 'அற்றிலா' என்னும் புனைபெயருடைய றேமண்ட் கெவேடோவும் மாநகர சபைக்கும், பின் சட்ட நிரூபண சபைக்கும் தெரிவாகித் தம் கலைக்காக வழக்காடினார். பாடகனும் கடைக்காரர் சமூகத்து மகனும் ஒரே சபையிலே ஒரே பாட்டுக்காக நின்ற காட்சி அபூர்வமானதே.

பலன் விளைந்தது. 1951 மார்ச் 30 ஆம் திகதி, முப்பத்து நான்கு ஆண்டுகளாக நிலவிய வழிபாட்டுத் தடைச் சட்டம் நீக்கப்பட்டது. எல்டன் கிரிபித் என்னும் சமயத் தலைவரின் நெடும் போராட்டமே அதன் அத்திவாரம். கோமஸ் போன்றோரின் ஆதரவு அதற்குத் துணை. 1996 முதல் அந்நாள் அந்நாட்டிலே பொது விடுமுறை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதே 1951 இல், திரினிடாட்டின் பீப்பாய் வாத்தியக் குழுவொன்று கப்பலேறி இலண்டன் சென்று, பிரித்தானிய விழாவிலே வாசித்தது. துருப்பிடித்த பீப்பாய்களைக் கண்டு ஏளனமாகப் பார்த்தவர்கள், வாசிப்பைக் கேட்டு வியந்து நின்றனர். 1992 இல் அது நாட்டின் தேசிய வாத்தியமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

மந்திரி பதவியும் மாறிய மனமும்

1950 ஆம் ஆண்டிலே புதிய அரசியலமைப்பொன்று வந்தது. தெரிவு செய்யப்பட்டோருள் ஐவர் மந்திரிகளாயினர். தொழில், கைத்தொழில், வர்த்தகம் என்னும் பொறுப்புக்களைக் கோமஸ் ஏற்றார். முதலமைச்சர் என்னும் பதவி அப்போது இல்லை. எனினும் ஐவருள் முதல்வர் அவரே என்று யாவரும் கொண்டனர். புதுத் தொழிற்சாலைகளுக்கு வரிச் சலுகை வழங்கும் சட்டம் அக்காலத்திலே நடைமுறைக்கு வந்தது. சீமெந்து ஆலை போன்ற கைத்தொழில்கள் தோன்றின. சீனிக்கும் பிற விளைபொருட்களுக்கும் நல்ல விலை கேட்டு இலண்டனிலே பேரம் பேசவும் கோமஸ் சென்றார்.

ஆனால் வாழ்க்கை வரலாறு என்றால் புகழ்ச்சி மாத்திரம் அன்று. 1950 தேர்தலிலே அதிக ஆசனங்களைப் பெற்றது பட்லரின் கட்சி. மந்திரி பதவிகளிலே அதற்கு இடமே அளிக்கப்படவில்லை. தொழிலாளர் தலைவனாக வளர்ந்த கோமஸ், கவர்னருக்கும் வர்த்தகருக்கும் வேண்டியவராகி விட்டார் என்று பழைய தோழர்கள் குறை கூறினர். மேடையிலே முதலாளிமாரைச் சாடிய நாக்கு, மந்திரி ஆசனத்திலே அவர்களை அழைத்து உபசரிக்கும் நாக்காயிற்று. தொழில் வளர முதலீடு வேண்டும் என்பது அவர் வாதம். அவ்வாதத்திலே நியாயம் உண்டு. ஆயினும் ஏழையின் காதுக்கு அது எட்டவில்லை.

1955 இலே நடைபெற வேண்டிய தேர்தலை, அரசியலமைப்புச் சீர்திருத்தத்தைக் காரணங்காட்டி, ஓராண்டு ஒத்திவைத்தனர். அந்த ஓராண்டே கோமஸுக்கு வினையாயிற்று.

1956

எரிக் வில்லியம்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் அவ்வேளையிலே மக்கள் முன் தோன்றினார். தலைநகரின் வூட்போர்ட் சதுக்கத்திலே, திறந்த வெளியிலே, ஆயிரக்கணக்கானோர் நின்று கேட்க, அடிமை வரலாற்றையும் அரசியற் சட்டத்தையும் பாடமாக நடத்தினார். 1956 ஜனவரியிலே கட்சி அமைத்தார். செப்டெம்பரிலே தேர்தலில் வென்றார். இருபத்து நான்கு ஆசனங்களுள் பதின்மூன்று அவருடைய கட்சிக்குக் கிடைத்தன. கோமஸ் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார்.

1956 ஆம் ஆண்டு நம் நாட்டினருக்கும் மறக்கவியலாத தேர்தல் ஆண்டு. உலகின் பல பாகங்களிலும் குடியேற்ற ஆட்சி மறைந்து மக்களாட்சி உதயமான காலம் அது. அந்த உதயத்தின் ஒளியிலே பெருந்தொகையினர் தம் தலையை நிமிர்த்தினர்; அது நீதியே. ஆனால் அதே ஒளியிலே, "நீ யார்? நம்மவனா?" என்ற கேள்வியும் சிறு சமூகத்தவன் முகத்துக்கு நேரே எழுந்தது. கறுப்பினத்தவரின் பாட்டுக்கும் பறைக்கும் செபத்துக்கும் வாதாடிய கோமஸ், இறுதியிலே அந்த மக்களின் கண்களுக்குப் பழைய ஆட்சியின் வெள்ளை முகமாகவே தோன்றினார். அவருடைய பிழைகள் அதற்கு ஒரு காரணம். அவருடைய தோல் மற்றொரு காரணம். எது எத்துணை என்று நிறுத்துச் சொல்ல நம்மிடம் தராசு இல்லை.

சமஷ்டிக் கனவு

தோல்வியோடு அவர் ஓயவில்லை. மேற்கிந்தியத் தீவுகள் யாவும் ஒரே சமஷ்டியாக இணைய வேண்டும் என்பது அவர் நெடுநாட் கனவு. 1958 இல் அந்தச் சமஷ்டி உருவானது. பத்துப் பிரதேசங்கள் அதிலே சேர்ந்தன. கோமஸ் சமஷ்டிப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். பல இனத்தவர் கூடி வாழும் பெரிய வீடொன்றிலே எந்த ஓரினமும் மற்றொன்றை விழுங்காது என்று நம்பியோருள் அவரும் ஒருவர்.

1961 செப்டெம்பரிலே யமேய்க்கா மக்கள் வாக்கெடுப்பிலே விலக முடிவு செய்தனர். பத்திலிருந்து ஒன்று போனால் எஞ்சுவது பூச்சியமே என்று வில்லியம்ஸ் கணக்குச் சொன்னார். 1962 மே மாதத்தோடு சமஷ்டி மறைந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 31 ஆம் திகதி திரினிடாட்டும் தொபாகோவும் சுதந்திரம் பெற்றன.

கோமஸ் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். ஒரு நாட்டின் முதன்மை மந்திரியாக இலண்டனிலே பேரம் பேசியவர், அதே நாட்டிலே உள்ளூராட்சி அலுவலகமொன்றிலே சாதாரண உத்தியோகத்தராக வேலை பார்த்தார். 1974 இலே தம் சுயசரிதையை வெளியிட்டார். 'நிறங்களின் சிக்கற்பாதையினூடே' என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். அவருடைய முழு வாழ்க்கையும் அந்தத் தலைப்பிலே அடங்கிவிட்டது. தம் சமூகத்தவரின் குடும்ப வாழ்வை வைத்து ஒரு நாவலும் எழுதினார். 1978 இலே அந்நிய மண்ணிலேயே கண் மூடினார்.

நாம் எண்ண வேண்டியது

தன் இனத்தின் பாட்டுக்காக வாதாடுபவனை உலகம் எங்கும் காணலாம், அது இயல்பு. மற்றவனுடைய பாட்டுக்காக, மற்றவனுடைய செபத்துக்காக வாதாடுபவனையே காண்பது அரிது. கோமஸ் அத்தகைய ஒருவர். அவருக்கு எதிராகச் சொல்ல வேண்டியவை உண்டு. அவற்றையும் மறையாது சொன்னோம். ஆயினும், இன்று திரினிடாட்டிலே ஒரு பள்ளிச் சிறுமி பெருமையோடு பீப்பாய் வாத்தியத்தின் முன் நின்று வாசிக்கும்போது, அவள் தாய் தலையிலடித்துக்கொள்வதில்லை, கைதட்டுகிறாள். அந்த மாற்றத்திலே இந்தப் போர்த்துக்கேய மகனின் பேனாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

நம் ஊரிலும் அயல் வீட்டார் வேறு மொழியிலே பாடுவர். வேறு முறையிலே மணியடித்து வணங்குவர். அந்த ஓசை நம் காதிலே விழும்போது, "நிற்பாட்டு" என்று சொல்ல நாக்கு எழுமுன், பீப்பாய்க்குள்ளே சுரம் இருந்த கதையை நேயர்கள் ஒரு கணம் நினைப்பார்களாயின், இந்த வாரம் நாம் எழுதியது வீண்போகாது.